மரத்தைப் பார்க்காத அறிக்கை

பிரிட்டனில் மரம் ஏறிக் கிளை கழிக்கும் தொழில்முறை ஆர்பரிஸ்ட்டுகள் பலருக்கு ரம்பத்தைவிடக் காகிதம்தான் பளு. வேலைக்கு முன் விலைப்புள்ளி, அபாய மதிப்பீடு, செயல்முறை அறிக்கை. பாதுகாப்பு ஆணைக்கு உட்பட்ட மரமென்றால் உள்ளாட்சி மன்றத்துக்குக் காரணம் காட்டி விண்ணப்பம். அருகே கட்டடம் எழும்பப் போகிறதென்றால் பி.எஸ். 5837 தரவிதிப்படி ஆய்வறிக்கை. ஏறும் கயிறுகளுக்கும் இடைவார்களுக்கும் 6 மாதத்துக்கு ஒருமுறை சோதனைச் சான்று வேறு. பகலெல்லாம் மரத்தில் தொங்கியவர் இரவில் உட்கார்ந்து இத்தனையும் எழுதவேண்டும். சாட்ஜிபிடி போன்றவை இங்கே நுழைந்ததில் வியப்பில்லை.

நுழைந்தது நல்லதுதான். படிப்பும் எழுத்தும் ஒத்துவராமல் கைத்தொழிலுக்கு வந்தவர்கள் இத்துறையில் உண்டு. ஒரு மரத்தின் நோயைப் பார்த்ததும் சொல்லிவிடக்கூடியவர், அதை நாலு வரியில் விளக்கத் தெரியாமல் அனுமதியை இழப்பது அநியாயம். அவர் சொல்லும் குறிப்புகளைக் கோவையான கடிதமாக்க ஏ.ஐ. உதவட்டும். விலைப்புள்ளிக்கும் வாடிக்கையாளர் கடிதத்துக்கும் தயங்கவே வேண்டாம்.

சிக்கல் அபாய மதிப்பீட்டில் தொடங்குகிறது. பழைய படிவத்தை நகலெடுத்து ஒப்பேற்றுவது இத்தொழிலில் புதிதல்ல. ஆனால் அது நகல் என்பது முகத்திலேயே தெரியும். சில சமயம் போன வேலையின் ஊர்ப்பெயர்கூட மாறாமல் கிடக்கும். படிப்பவர் உஷாராகிவிடுவார். ஏ.ஐ. எழுதுவதோ இடத்துக்கே போய் நின்றுபார்த்து எழுதியதுபோல் இருக்கிறது. இல்லாத சரிவும் போகாத மின்கம்பியும் இயல்பாக வந்து உட்கார்ந்துகொள்கின்றன. 2023இல் நியூயார்க் வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கற்பனை செய்த தீர்ப்புகளை நீதிமன்றத்தில் கொடுத்து 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். அந்த வகைப் பொய்யையாவது நூலகத்தில் சரிபார்க்கலாம். மரத்தடியைச் சரிபார்க்க மரத்தடிக்குத்தான் போகவேண்டும்.

பி.எஸ். 5837 ஆய்வறிக்கையில் வரும் வேர்ப் பாதுகாப்புப் பரப்பையே எடுத்துக்கொள்வோம். தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் தண்டின் விட்டத்தை அளந்து 12ஆல் பெருக்கினால் வட்டத்தின் ஆரம் கிடைக்கும், 60 செ.மீ. தண்டுக்கு 7.2 மீட்டர். இந்தக் கணக்கு இயந்திரத்துக்குப் பெரிதல்ல. ஆனால் ஒருபுறம் சாலையோ அஸ்திவாரமோ இருந்தால் வேர் வட்டமாகப் போயிருக்காது. அப்போது அதே பரப்புள்ள பல்கோணமாக மாற்றி வரையவேண்டும் என்று அதே தரவிதி சொல்கிறது. எந்தப் பக்கம் நீட்டுவது, எந்தப் பக்கம் சுருக்குவது என்பதை மண்ணைப் பார்த்தவர்தான் சொல்லமுடியும்.

பீச் மரத்தின் அடியில் கருகிய பொருக்குபோல் படரும் கிரெட்ஸ்மேரியா என்ற பூஞ்சை இன்னும் பொல்லாதது. உச்சியில் இலை தழைத்திருக்கும்போதே மரம் அடியோடு முறியலாம். ‘தழைப்பு நன்று’ என்று மட்டும் குறிப்புக் கொடுத்தவருக்கு ஏ.ஐ. அழகான நற்சான்று எழுதிவிடும். அடிமரத்தைப் பார்த்தீர்களா என்று அது கேட்டாலும், ‘பார்த்தேன்’ என்ற பதிலை நம்புவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை.

1999ஆம் ஆண்டுப் பணியிடப் பாதுகாப்பு விதிகளின்படி, போதுமான அபாய மதிப்பீட்டைச் செய்யும் கடமை முதலாளியுடையது; மென்பொருளைக் காட்டி அதிலிருந்து கழன்றுகொள்ள முடியாது. ஆகவே குறிப்பை மரத்தடியிலேயே எடுங்கள், குரல்பதிவானாலும் சரி. அந்தக் குறிப்பில் இல்லாத ஒரு வரியை ஏ.ஐ. சேர்த்திருந்தால் அடித்துவிடுங்கள். உள்ளாட்சி மன்றங்களின் மர அலுவலர்களும் இனி அறிக்கையோடு களக்குறிப்பையும் படங்களையும் கேட்டு வாங்கவேண்டும்.