முகம் எழுதாத தூரிகை

ஓவியத்தில் ஒரு மனிதன் நிற்கிறான். அவனுக்குக் கண் இல்லை, மூக்கு இல்லை, விரல்களும் இல்லை. ஆயினும் அவன் முதியவன் என்பதும், முதுகில் பாரம் சுமக்கிறான் என்பதும் பார்த்த அளவிலேயே விளங்குகின்றன. நீர்வண்ண ஓவியத்தின் இத்தன்மையை அரைகுறை வேலை என்று ஒதுக்குவாரும் உளர். அக்கூற்று பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

சிங்கப்பூர் ஓவியர் லிம் செங் ஹோவை (1912–1979) இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். சீனத்து அமோய் நகரில் பிறந்து, சிறுவயதிலேயே சிங்கப்பூர் வந்தவர் அவர். அலுவலகப் பணி பார்த்துக்கொண்டே ஓய்வு நேரங்களில் வரைந்தார். 1969ஆம் ஆண்டில் தோன்றிய சிங்கப்பூர் நீர்வண்ண ஓவியர் சங்கத்தை நிறுவியோருள் அவரும் ஒருவர். சிங்கப்பூர் ஆற்றையும் சரக்குத் தோணிகளையும் பலமுறை தீட்டிய அவர், ஆற்றங்கரை மாந்தரைச் சில தூரிகை வீச்சுகளாலேயே உணர்த்தினார்.

எண்ணெய் வண்ணத்தில் நேரும் பிழையை மேற்பூச்சால் மறைக்கலாம். நீர்வண்ணத்திலோ அடிப்பூச்சு மேற்பூச்சினூடே தெரியும். தாளின் வெண்மையே ஒளியாகும். ஆகவே தோளில் விழும் வெயிலை ஓவியர் தீட்டுவதில்லை. அவ்விடத்தைத் தீண்டாமல் விட்டுவிடுகிறார். தலைக்கு ஒரு புள்ளி, உடலுக்கு ஒரு வீச்சு. ஈரம் உலருமுன் கால்கள் நிழலோடு கலந்துவிடுகின்றன. இச்சிக்கனத்திற்கு அடிப்படை உடலறிவு. ஒரு காலில் எடையூன்றி நிற்பவனுக்கு அப்பக்க இடுப்பு உயரும், தோள் தாழும். முதுகில் சுமப்பவன் முன்சாய்வான். இந்நிலை பிழைத்தால், கண்ணையும் மூக்கையும் எவ்வளவு நுணுக்கமாக எழுதினும் உருவம் உயிர்பெறாது.

முகத்தை விடுவது உழைப்பாளியை மதியாமை ஆகாதா என்று வினவலாம். வெற்றிடத்தை நிரப்ப ஒரே அச்சில் வார்த்தாற்போல் மனிதரை நிறுத்தும் ஓவியங்களுக்கு அக்குற்றச்சாட்டு முற்றும் பொருந்தும். செய்யும் தொழிலுக்கேற்ப உடல்நிலை மாறுகிறதா என்பதே உரைகல். மாறுமாயின், ஓவியன் அம்மனிதனை உற்று நோக்கியிருக்கிறான் என்று பொருள்.

1977இல் தொடங்கிய ஆற்றுத் தூய்மைப் பணியின்போது, 1983இல் சரக்குத் தோணிகள் பாசிர் பாஞ்சாங்கிற்கு அகற்றப்பட்டன. அத்தொழிலாளர் குனிந்த விதத்தையும் நிமிர்ந்த விதத்தையும் இன்று நமக்குக் காட்டுவனவற்றுள் இத்தகைய ஓவியங்களும் அடங்கும். அவர்தம் பெயர்களை மட்டும் ஓவியம் காக்கவில்லை. அது எழுத்தாளர் கடமை.

நம் மாணவர்க்கும் இதிற் பாடமுண்டு. பாட்டியைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், நரைத்த கூந்தல் முதல் சுருங்கிய தோல் வரை அடுக்குகின்றனர். பாட்டி கண்முன் தோன்றுவதில்லை. அவர் படியேறும்போது எங்கே கையூன்றுகிறார் என்று பார்த்து எழுதினால் ஒரு வரியே போதும். உள்ளுறையும் இறைச்சியும் கண்ட தொல்காப்பிய மரபினர்க்குக் குறிப்பின் ஆற்றல் புதிதன்று. ஆயினும் எதை விடலாம் என்பதை, முழுமையாகப் பார்த்தவனே அறிவான்.