அந்த வீடு ஆருக்குச் சொந்தம்?

எமது பிரதேசத்துச் சிறுகதைப் போட்டியொன்றுக்கு வந்த கதைகளை மதிப்பிடும் பொறுப்பு அண்மையில் எனக்குக் கிடைத்தது. அவற்றில் ஏழு, கணவனிடம் அடி வாங்கும் பெண்ணைப் பற்றியவை. ஏழும் நன்றாகவே தொடங்குகின்றன. குசினியில் உடைந்து கிடக்கும் கோப்பை, முக்காட்டால் மறைத்த காயம், "ஆம்புளட கோபம் அப்பிடித்தான், நீதான் மகள் பொறுக்கணும்" என்று சொல்லும் மாமி. எழுதியவர்கள் வீட்டை அறிந்தவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் முடிவுக்கு வரும்போது ஏழும் இரண்டாகச் சுருங்கிவிடுகின்றன. சிலவற்றில் அவள் ஸப்ர் செய்கிறாள். மற்றவற்றில் காதி நீதிமன்றம் போய்ப் பிரிகிறாள்.

இரண்டும் பொய்யான முடிவுகளல்ல. 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம், கணவனின் கொடுமையைக் காரணங்காட்டி மனைவி பஸஹ் கோர இடமளிக்கிறது. ஆயினும் காதியார் விவாகத்தை முடித்து வைக்கலாம். இன்றிரவு ஓங்கும் கையை அவரால் தடுக்க முடியாது. பிரிவை விரும்பாத, அடி மட்டும் நின்றால் போதும் என்றிருக்கும் பெண்கள் எமது ஊர்களில் எத்தனை பேர்! அவர்களுக்கு எமது கதைகளில் இடமில்லை.

சட்டத்தில் இடமிருக்கிறது. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லா இனத்தாருக்கும் பொதுவானது. பாதிக்கப்பட்டவளோ, அவள் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரோ நீதவான் நீதிமன்றில் விண்ணப்பிக்கலாம். அவசரமெனில் இடைக்காலக் கட்டளை. விசாரணையின் பின் 12 மாதங்கள் வரையான பாதுகாப்புக் கட்டளை. அதை மீறினால் 10,000 ரூபா வரை தண்டம், அல்லது ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். இதனால் நிக்காஹ் முறிவதில்லை.

அடிப்பவன் வீட்டுக்குள் நுழையக்கூடாதென்றும் நீதவான் கட்டளையிடலாம். கிழக்கிலங்கை வாசகர் இவ்விடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். எமது பக்கத்தில் வீடு பெரும்பாலும் பெண்ணுக்குப் பெற்றோர் கொடுத்த சீதனம். மாப்பிள்ளைதான் அங்கு வந்து குடியிருக்கிறார். அப்படியிருந்தும் நடுநிசியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியேறுபவள் அவளே. என் வீட்டிலிருந்து நான் ஏன் ஓடுகிறேன் என்று ஒரு கதையிலும் ஒருத்திகூடக் கேட்கவில்லை. இது பாத்திரத்தின் அறியாமை என்றால் பொருந்தும். கதாசிரியரின் அறியாமையாக இருப்பதே குறை.

இலக்கியம் என்ன சட்டத் துண்டுப்பிரசுரமா என்று நண்பர்கள் கேட்பர். கடைசிப் பந்தியில் நீதவானைக் கொண்டுவந்து நிறுத்தும் கதையை நானும் பாராட்டமாட்டேன். வாப்பாவின் மானம், பள்ளிவாசல் நிர்வாகத்தார் பேசிவைக்கும் சமாதானம், கோட்டுக்குப் போகும் பஸ் செலவு, நாளைக்கு உலை வைக்க அரிசி எல்லாமே அவளுக்குக் குறுக்கே நிற்கும். 12 மாதங்கள் முடிந்த மறுநாள் என்ன என்ற கேள்வியும் உண்டு. கதை அங்கேதான் இருக்கிறது. வாசல் இருப்பதை அறிந்தும் படியில் கால்வைக்கத் தயங்குபவளின் மனம், வாசலே தெரியாதவளின் கண்ணீரைவிட எழுதக் கடினமானது.

முதற் பரிசு பெற்ற கதையை எழுதியவள் உயர்தர வகுப்பு மாணவி. பாராட்டிய பின் ஒன்று கேட்டேன்: "அந்த வீடு ஆருக்குச் சொந்தம் மகள்?"

"அவக்குத்தான் சேர்" என்றாள். சற்று நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, கதையைத் திரும்ப எழுதித் தருவதாகச் சொல்லிக் கொப்பியை வாங்கிக்கொண்டு போனாள்.