வார்டுக்குள் கற்கும் மனநலத் தாதிமை

மலேசியாவின் சிம்பாங் பூலாய் வட்டாரத்துத் தோட்டக் குடும்பங்களுக்கு மனோவியாதி என்றாலே நினைவுக்கு வருவது, 1911-இல் தஞ்சோங் ரம்புத்தானில் நிறுவப்பெற்று, இன்று உலு கிந்தா பகாகியா மருத்துவமனை என வழங்கும் பெரிய ஸ்தாபனமே. தாதிமை பயில்வோர் மனநலச் சேவையின் அரிச்சுவடியைக் கற்பதும் பெரும்பாலும் இத்தகைய மருத்துவமனை வார்டுகளில்தான். ஏட்டில் படித்ததைப் பிரத்தியட்சமாகக் காண இதைவிடச் சிறந்த மார்க்கம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மருந்து உட்கொள்ளும் நோயாளி ஒருவர் உட்காரவும் மாட்டாமல், நிற்கவும் மாட்டாமல் தாழ்வாரத்தில் மேலும் கீழும் நடந்துகொண்டேயிருந்தால், புதிய மாணவி நோய் முற்றிவிட்டதென்று அஞ்சுகிறாள், அனுபவம் வாய்ந்த தாதியோ, கால்களின் தவிப்பை உற்றுநோக்கி, "உள்ளுக்குள்ள பரபரன்னு இருக்கா?" என்று நிதானமாக வினவி, இது மருந்தின் பக்கவிளைவாகலாம் என ஊகித்து டாக்டருக்குத் தெரிவிக்கிறார். மருந்தின் அளவை உயர்த்தி அவஸ்தையைப் பெருக்கிவிடாமல் காப்பது அந்த ஒரு கேள்விதான்.

ஆயினும், தாதிக்கும் நோயாளிக்கும் இடையே வளரும் உறவே சிகிச்சையின் அங்கமென்று 1952-இல் ஹில்டகார்ட் பெப்லாவ் என்னும் அமெரிக்கத் தாதி நூலெழுதி வற்புறுத்தினாரே, அவ்வுறவு வேர்கொள்ளச் சில வாரப் பயிற்சி இடந்தருவதில்லை. மேலும், வார்டுக்குள் வருகிற நோயாளி தம் குடியிருப்பையும் கோயிலையும் வெளியே விட்டுவிட்டே வருகிறார். "அம்மா என்கிட்ட பேசுறா" என்று தோட்டத்துப் பாட்டி ஒருத்தி சொன்னால், அது இறந்த தாயின் நினைவா, திருவிழாவில் இறங்கிய அம்மன் அருளா, அச்சுறுத்தும் பிரமையா என்பதை, ஊர் வழக்கம் அறிந்து உற்றாரையும் விசாரித்த பின்னரே துணியலாகும். "குரல் கேட்கிறது" என்று மலாயில் ஒரே வரியாகப் பதிந்துவிடுவது, அவகாசமின்மையால் நேரும் பெரும்பிழை. இதற்குத் தமிழ்த் தாதிதான் வேண்டுமென்று நான் வாதிக்கவில்லை. பொறுமையாகக் கேட்கப் பழகிய மலாய்த் தாதி, அவசரப்படும் தமிழ்த் தாதியினும் மேலானவர்.

2001-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், 2010-இல் அமலுக்கு வந்தபோது, சமூக மனநல நிலையங்களுக்கும் வழிவகுத்தது. ஆதலால், வார்டுப் பயிற்சியைக் குறைக்காமலே, வீடு தேடிச் செல்லும் தாதியரோடு மாணவர்களையும் அனுப்புதல் வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு அண்டை அயலார் சிதறிப்போனபின், நோயாளியை மாத ஊசிக்கு அழைத்துவர ஆளில்லாத வீடுகள் உண்டு. மகனுக்கு மாத்திரை கொடுக்கும் கிழத்தாய் எந்த வேளையில் அதை மறக்கிறாள், அவன் விழுங்காததை ஏன் மறைக்கிறாள் என்பதெல்லாம், அவள் வீட்டு வாசலில் அமர்ந்து அரைமணி நேரம் பேசினால்தான் வெளிப்படும். அந்த அரைமணியையும் மதிப்பெண்ணுக்குரிய பாடமாகவே சேர்த்தல் வேண்டும்.