உருவகமா, உவமையா?

மழையும் ஆறும், நோயும் மக்கட்கூட்டமும், சாலையும் வண்டிகளும் எனப் பல உறுப்புகள் ஒன்றையொன்று பற்றி இயங்குவனவற்றைக் கணக்காக்கிக் கணினியில் நடத்திப் பார்க்கும் கலை இன்று பல்கலைக்கழகங்களில் தனிப் பாடமாய் நிற்கிறது. ஆங்கிலத்தார் இதனைச் 'சிமுலேஷன்' என்பர், மலாயில் 'சிமுலாசி'. தமிழில் எழுதுவோருட் பலர் 'உருவகப்படுத்துதல்' என்கின்றனர். இச்சொல் பொருந்துமா என்பதே ஈண்டு நம் ஆராய்ச்சி.

முகம் மதி போன்றது என்பது உவமை. முகமாகிய மதி என்பது உருவகம். உவமை இரண்டையும் இரண்டாகவே வைத்து ஒப்புமை காட்டும். உருவகமோ வேற்றுமையை நீக்கி இரண்டையும் ஒன்றென்று சொல்லும். கணினி செய்வது இவ்விரண்டில் எது?

ஜோகூர் மாநிலத்துச் சாஆவை எண்ணிப் பார்ப்போம். செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த இச்சிறு நகர் 2023 மார்ச்சில் வெள்ளத்தில் மூழ்கியது. இவ்வூர்ப் பிள்ளை ஒருவன் ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திற்குச் சென்று, பெக்கோக் ஆற்றின் வெள்ளத்தைக் கணினியில் நடத்திப் பார்க்க விழைகிறான் எனக் கொள்வோம். பெய்த மழையளவு, நிலத்தின் சரிவு, மண் உறிஞ்சும் நீர், ஆற்றின் அகலம் ஆகியவற்றை அவன் எண்களாக்குவான். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜோகூரை வருத்திய பெருவெள்ளத்தின் பதிவுகளோடு பொருந்துமாறு அவ்வெண்களைத் திருத்துவான். பின்னர், திருத்தத்திற்குப் பயன்படுத்தாத 2011 வெள்ளத்தை வைத்துச் சோதிப்பான். இச்சோதனை எதற்கு? கணக்கு வேறு, ஆறு வேறு என்பதனாலன்றோ? அடைபட்ட ஒரு வடிகால் கணக்கில் ஏறாது. ஆனால் நீர் அதனை அறியும். கணக்கையே ஆறென்று நம்பிய மாணவன், கணினி 'வெள்ளம் வாராது' என்றவுடன் ஊராரை உறங்கச் சொல்லிவிடுவான். சொற்பிழை உயிர்ப்பிழையாகும் இடம் இது.

அமெரிக்க வானிலை அறிஞர் எட்வர்டு லோரன்சு 1961-இல் கண்டது இதற்குத் தக்க சான்று. தம் கணக்கை இடையிலிருந்து மீண்டும் நடத்த எண்ணி, 0.506127 என்பதற்குப் பதிலாக 0.506 என்று கணினிக்குக் கொடுத்தார். சிறிது நேரம் ஒத்துச் சென்ற வானிலை பின்னர் முற்றும் வேறாயிற்று. இது பற்றிய அவரது கட்டுரை 1963-இல் வெளிவந்தது. ஒரே கணக்கின் இரண்டு ஓட்டங்களே தம்முள் ஒவ்வாதபோது, அதனை உலகத்தோடு ஒன்றென்று கூறுவது எங்ஙனம்?

ஆகவே இது உவமையின் இனமேயன்றி உருவகத்தின் இனமன்று. தொல்காப்பியர் உவமத் தோற்றத்தை வினை, பயன், மெய், உரு என நான்காகப் பகுத்தார். மெய் என்பது வடிவு எனவும், உரு என்பது நிறம் எனவும் உரையாசிரியர் விளக்குவர். ஆற்றின் அமைப்பைக் காட்டும் கணக்கு மெய்யுவமம் போன்றது. அதனை 'ஒப்புரு' என்னலாம். அக்கணக்கை நாழிகை நாழிகையாய் ஓடவிடுவது வினையுவமம் போன்றது. அதனை 'ஒப்பியக்கம்' என்னலாம். ஒப்புருவை 'மாதிரி' என்றே வழங்கினால், புள்ளியியலில் ஒரு கூட்டத்திலிருந்து எடுத்த சிறு பகுதிக்கும் அதே பெயராதலின் மாணவர் மயங்குவர்.

'சிக்கலான அமைப்பு' என்பதும் திருத்தத்திற்குரியதே. சிக்கல் அவிழ்க்கப்பட வேண்டியது. அவிழ்த்த பின்னும் நூல் நூலாகவே இருக்கும். பின்னலோ அவ்வாறன்று. இழைகளைத் தனித்தனியே பிரித்தால் பின்னலே இல்லையாகும். உறுப்புகளின் சேர்க்கையால் மட்டுமே தோன்றும் பண்பை ஆராயும் இக்கலைக்குப் 'பின்னல் அமைப்பு' என்பதே பொருந்தும்.

வழக்கில் வேரூன்றிய சொல்லை மாற்றுதல் வீண் முயற்சி என்பர் சிலர். வழக்கிற்கு வலிமை உண்டென்பதை யாமும் மறுக்கவில்லை. எனினும் இக்கலையைத் தமிழில் எழுதுவோர் இன்னும் சிலரே. திருத்துதற்கு இதுவே காலம். யாம் கூறிய சொற்களினும் சிறந்தன கிடைப்பின் அவற்றையே கொள்க. ஆசிரியப் பெருமக்கள் உவமைக்கும் உருவகத்திற்கும் வேற்றுமை கற்பிக்கும் வகுப்பில் சாஆவின் வெள்ளத்தையும் ஓர் எடுத்துக்காட்டாகச் சொல்வாராயின், நாளை கணினி முன் அமரும் மாணவன், 'இஃது ஆறு அன்று. ஆறு போன்றது' என்பதை மறவான்.