மேடில்லா ஊரில் டவுன்ஹில் லாங்போர்டு

மயிலாப்பூரில் உயரம் என்றால் கபாலி கோயில் ராஜகோபுரம். சுமார் 120 அடி. தி. நகரில் மேம்பாலம். அடையாறில் திரு.வி.க. பாலம். அதற்கு மேல் ஏற்றம் வேண்டுமென்றால் பரங்கிமலைக்குத்தான் போக வேண்டும். அதுவும் சுமார் 300 அடி. இந்த ஊரில் இருந்துகொண்டு டவுன்ஹில் லாங்போர்டு, அதாவது மலைச்சரிவில் வேகமாக இறங்குவதற்கென்றே செய்த நீளப் பலகை, வாங்குவானேன் என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆசைப்படுகிறவரிடம் பதிலும் உண்டு: வாரம் முழுக்கப் பெசன்ட் நகரில் பழகிவிட்டு, விடுமுறையில் ஏற்காடோ ஏலகிரியோ போகலாமே!

சிக்கல் அங்கேதான். வாங்குகிறவர் பார்ப்பது வெளிநாட்டு வீடியோ. ஆல்ப்ஸ் மலைச்சாலையில் தோல் உடையும் முழுமுகக் கவசமும் அணிந்து ஒருவர் குனிந்தபடி பறக்கிறார். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 2017-ல் பீட் கொன்னலி பலகையில் நின்றபடியே மணிக்கு 146.73 கி.மீ. வேகத்தைத் தொட்டார். அந்த வேகத்துக்கு ஏற்ற செட்டிங்கை அப்படியே மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் இறக்கினால் பலகை திரும்ப மறுக்கும். ஓட்டுபவருக்கு இடுப்பு வலிதான் மிச்சம். ஆகவே இந்த விமர்சனத்தில் எந்தப் பலகை சிறந்தது என்று கேட்கவில்லை. சென்னைத் தெருவில் பெரும்பாலான நாள் ஓட்டி, எப்போதாவது மலைக்குப் போகிறவர் எதை வாங்கி, எப்படி அமைக்க வேண்டும் என்று பார்க்கிறேன்.

சோதித்தவை

இரண்டு பலகைகளை மாற்றி மாற்றி ஓட்டினேன். ஒன்று 40 அங்குல டிராப்-த்ரூ. இதில் டெக்கில், அதாவது நிற்கும் மரப்பலகையில், வெட்டிய துளை வழியே சக்கரங்களைத் தாங்கும் ட்ரக் செருகப்படுவதால் நிற்கும் தளம் தரைக்கு நெருக்கமாக இருக்கும். மற்றது 36 அங்குல டாப்-மவுண்ட். இதில் ட்ரக் டெக்கின் அடியில் பொருந்தும், தளம் உயரம். இரண்டும் மேப்பிள் மர அடுக்குகளை ஒட்டிச் செய்தவை. இரண்டிலும் 180 மி.மீ. ட்ரக்.

ஓட்டிய இடங்கள்: போக்குவரத்து எழுவதற்கு முன் எலியட்ஸ் கடற்கரைச் சாலை, அடையாறு காந்தி நகரின் உள்தெருக்கள், கடை திறக்காத நேரத்தில் 2019-ல் திறந்த பாண்டி பஜார் நடைபாதை வளாகம். இறக்கத்துக்கு, ஏற்காட்டில் தெரிந்தவர் ஒருவரின் காப்பித் தோட்டத்துக்குள் போகும் தார்ச்சாலை. கேட்டைச் சாத்திவிட்டு, கீழ் முனையில் ஆள் நிறுத்தித்தான் ஓட்டினோம்.

டெக்: உயரமும் நீளமும்

தரைக்கு நெருக்கமான தளத்தின் அருமை சமதளத்தில்தான் தெரியும். ஒவ்வொரு உந்தலுக்கும் நிற்கிற காலின் முட்டி மடங்கி நிமிர வேண்டும். டிராப்-த்ரூவில் அந்த மடக்கம் குறைவு. கடற்கரைச் சாலையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்த் திரும்பினாலும் தொடை கெஞ்சவில்லை. டாப்-மவுண்டில் அதே தூரத்துக்கு மூச்சு வாங்கியது.

மலையில் கதை மாறியது. டாப்-மவுண்டில் கால் ட்ரக்குக்கு மேலேயே நிற்பதால், விரலை அழுத்தினாலும் குதிகாலை அழுத்தினாலும் சக்கரம் சாலையை உடனே கவ்வுகிறது. வளைவில் அந்தப் பிடி வேண்டும். டிராப்-த்ரூவில் பிடி கொஞ்சம் குறைவு. சறுக்கிப் பழகுகிறவருக்கு அதுவே வசதி.

முன் ட்ரக்குக்கும் பின் ட்ரக்குக்கும் உள்ள இடைவெளி வீல்பேஸ். அது நீண்டால் பலகை நிதானமாகப் போகும், ஆனால் அகலமாகத்தான் திரும்பும். குறைந்தால் சட்டென்று திரும்பும், வேகத்தில் துடிக்கும். இருபுறமும் கார் நிற்கிற தி. நகர்த் தெருவுக்கு 24 முதல் 27 அங்குலம் போதும். டெக்கின் மேற்பரப்பில் இருக்கும் குழிவைக் காலால் தொட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஆழமான குழிவு சறுக்கும்போது பாதத்தைப் பூட்டிப் பிடிக்கும். அதே குழிவு நெடுநேரம் உந்துகையில் உள்ளங்காலை வதைக்கும். வளைந்து கொடுக்கும் டெக் தெருவின் அதிர்வை விழுங்கும். மலைக்கு வளையாத, விறைப்பான டெக் தவிர வேறெதுவும் கூடாது.

ட்ரக்: பலகையின் குணம் இங்கே

லாங்போர்டுக்குக் கிங்பின், அதாவது ட்ரக்கின் நடு போல்ட், வெளிப்புறம் பார்த்திருக்கும் ரிவர்ஸ் கிங்பின் ட்ரக்தான் வேண்டும். ட்ரக்கை டெக்கோடு பிணைக்கும் பேஸ்பிளேட்டின் கோணம் எவ்வளவோ அவ்வளவு சுறுசுறுப்பு. பாரிஸ், கேலிபர் போன்ற கம்பெனிகள் 50 டிகிரியிலும், 43 அல்லது 44 டிகிரியிலும் பேஸ்பிளேட் தருகின்றன. 50 டிகிரியில் கொஞ்சம் சாய்ந்தாலே பலகை நன்றாகத் திரும்பும். 44-ல் அதே திருப்பத்துக்குக் கூடுதலாகச் சாய வேண்டும். அதனால் வேகத்தில் அமைதி.

காந்தி நகரில் 50 டிகிரியே சொர்க்கம். தூங்குமூஞ்சி மரக் காய்கள் சாலையில் சிதறிக் கிடக்கும். ஒவ்வொன்றையும் விலகிப் போக வேண்டும். 44-ல் விலக நினைப்பதற்குள் காய் சக்கரத்துக்கு அடியில் வந்துவிடுகிறது. ஏற்காட்டில் அதே 50 டிகிரி பின் ட்ரக் வேகம் கூடியதும் இடவலமாக உதறத் தொடங்கியது. இதைத்தான் ஸ்பீட் வாபிள் என்கிறார்கள். பெரும்பாலும் பின் ட்ரக் தானாகத் திரும்ப முயல்வதால் வருவது. எடையை முன்காலில் போட்டால் அடங்கும். பின்னால் சாய்ந்தால் பெருகும். பயந்தவர் இயல்பாகவே பின்னால்தான் சாய்வார் என்பதால் இதை முதலிலேயே மனத்தில் பதிய வைக்க வேண்டும்.

நிரந்தரத் தீர்வு, முன்னும் பின்னும் வேறு வேறு கோணம். முன்னால் 50, பின்னால் அதைவிடக் குறைவு. முன்பக்கம் வழிகாட்டும், பின்பக்கம் பேசாமல் தொடரும். டாப்-மவுண்டில் இது எளிது. பேஸ்பிளேட்டுக்கும் டெக்குக்கும் நடுவே ஆப்பு வடிவ ரைசர் வைத்தால் கோணம் மாறிவிடும். நீளமான போல்ட் மட்டும் தேவை. டிராப்-த்ரூவில் ஆப்பு வைக்க வாகில்லை. பேஸ்பிளேட்டையே மாற்ற வேண்டும். சக்கர அச்சைத் தாங்கும் ஹேங்கர் ஒன்றே, பேஸ்பிளேட் இரண்டு என்று வாங்கி வைத்தால் வேலை முடிந்தது.

புஷ்: குறைந்த செலவு, பெரிய மாற்றம்

ட்ரக்கின் கிங்பின்னில் மேலும் கீழும் இருக்கும் இரண்டு யூரித்தேன் வளையங்கள்தான் புஷ். அவற்றின் கடினத்தை ஷோர் ஏ அளவில் சொல்வார்கள்; எண் கூடினால் கடினம் கூடும். பலகையோடு வரும் புஷ் சராசரி எடைக்கு ஏற்றது. அதை உங்கள் எடைக்கு மாற்றுவதுதான் முதல் வேலை. 60 கிலோவுக்கு 85ஏ பக்கத்தில், 75 கிலோவுக்கு 87 முதல் 90ஏ, 90 கிலோவைத் தாண்டினால் 93ஏ என்று தொடங்கலாம். இது தெருக் கணக்கு. மலைக்கு இதிலிருந்து ஒரு படி கூட்டுங்கள்.

வடிவமும் பேசும். கூம்பு வடிவம் எளிதாகச் சாயும். பீப்பாய் வடிவம் சாயச் சாய எதிர்க்கும். தெருவுக்கு ஒரு பீப்பாய், ஒரு கூம்பு. மலைக்கு இரண்டும் பீப்பாய்.

பலர் ஆட்டத்தைக் குறைக்கக் கிங்பின் நட்டை ஸ்பானர் போட்டு முறுக்கோ முறுக்கென்று முறுக்குகிறார்கள். இறுக்கிய புஷ் நசுங்கி, வேலை செய்யும் சக்தியையே இழக்கிறது. வாஷரைக் கையால் சுழற்ற முடியாத அளவுக்கு இறுக்கியும் பலகை ஆடினால், உங்களுக்குத் தேவை கடினமான புஷ்.

வீல்: மணலும் இணைப்பும்

1970-களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்தி யூரித்தேன் வீலைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகுதான் பலகைகள் கரடுமுரடான சாலையில் ஓடத் தொடங்கின. அதற்கு முன் களிமண் வீல். சிறு கல்லுக்கே நின்றுவிடும். இன்றைக்கும் கணக்கு அதேதான்: விட்டம் பெரிதானால் கல்லைத் தாண்டும், மென்மையானால் அதிர்வை விழுங்கும்.

பாண்டி பஜாரின் தரை இணைப்புகளில் 70 மி.மீ., 83ஏ வீல் பல்லைக் கிட்டவைத்தது. 75 மி.மீ., 78ஏ வீல் அதே இடத்தை முணுமுணுத்தபடி கடந்தது. தெருவுக்கு 75 முதல் 80 மி.மீ., 78 முதல் 80ஏ. டாப்-மவுண்டில் 80 மி.மீ. போட்டால் சாயும்போது வீல் டெக்கில் உரசும். ஓடும்போது உரசினால் பலகை நின்றுவிடும், நீங்கள் மட்டும் முன்னால் போவீர்கள். கால் அங்குல ரைசர் கட்டாயம்.

மலையில் இரண்டு விதத் தேவை. சறுக்கிப் பழக 70 மி.மீ., உருண்ட விளிம்பு, 80 முதல் 83ஏ. வளைவில் பிடித்துப் போக அகலமான தரைப்பரப்பும் கூரான விளிம்பும் கொண்ட 78ஏ அல்லது 80ஏ. புதியவர் முதல் வகையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பேரிங்: விலைச்சீட்டை நம்பாதீர்கள்

ஏறக்குறைய எல்லாப் பலகையிலும் 608 பேரிங்தான்: உள்விட்டம் 8 மி.மீ., வெளிவிட்டம் 22, அகலம் 7. ஏபெக் 7, ஏபெக் 9 என்று அட்டையில் போட்டு விலை ஏற்றுவார்கள். அது உற்பத்தித் துல்லியத்தின் அளவு. பக்கவாட்டு அடியைத் தாங்குவது பற்றி அது எதுவும் சொல்லாது. ரப்பர் மூடி உள்ள சாதாரண 608 போதும். இரண்டு பேரிங்குக்கும் நடுவே ஸ்பேசர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

சென்னையில் பேரிங்குக்கு எதிரி உப்புக்காற்றும் மணலும். எலியட்ஸில் ஓட்டிவிட்டு அப்படியே மூலையில் சாத்தி வைத்தால் துரு நிச்சயம். துணியால் துடைத்து, அவ்வப்போது கழற்றிச் சுத்தம் செய்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசின் பிடித்துக்கொள்ளும். மழை நாளில் பலகையை வெளியே எடுக்காதீர்கள். மேப்பிள் ஓரம் நீர் குடித்தால் அடுக்கு பிரியும். ஓரங்களுக்கு ஒரு பூச்சு வார்னிஷ் நல்லது.

நிறுத்தத் தெரிந்த பிறகே ஓட்டம்

உராய்வையும் காற்றையும் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டால், 6 மீட்டர் உயரம் இறங்கினாலே வேகம் மணிக்கு 39 கி.மீ. வரை போகலாம். 30 மீட்டர் இறங்கினால் 87. உண்மையில் இதைவிடக் குறையும். இருந்தும் காலைத் தரையில் தேய்த்து நிறுத்துவது குறைந்த வேகத்துக்குத்தான் ஆகும். அதற்கு மேல் சறுக்கித்தான் வேகத்தைக் கொல்ல வேண்டும். கலிஃபோர்னியாவின் பெர்க்லி மலைச்சாலைகளில் ஓட்டிய கிளிஃப் கோல்மன் பெயரால் வழங்கும் கோல்மன் ஸ்லைடுதான் முதல் பாடம்: குனிந்து, கையுறை அணிந்த ஒரு கையைச் சாலையில் ஊன்றி, பலகையைக் குறுக்கே திருப்புவது. கையுறையின் உள்ளங்கையில் ஒட்டும் வழுக்குத் துண்டைக் காய் நறுக்கும் கெட்டிப் பிளாஸ்டிக் பலகையிலிருந்தே வட்டமாக வெட்டிக்கொள்ளலாம். தலைக்கவசத்தில் சிக்கனம் கூடாது. தெருவுக்கு அரைக் கவசம், மலைக்கு முழுமுகக் கவசம், இரண்டுக்கும் முட்டிக் காப்பு.

மேம்பாலத்தில் இறங்கிப் பார்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம். பின்னால் வரும் பேருந்துக்கு நீங்கள் அங்கே இருப்பதே தெரியாது. இறக்கத்தின் முடிவில் சிக்னல் இருக்கும். 14 கொண்டை ஊசி வளைவு கொண்ட ஏலகிரிச் சாலைக்கும் இதே சட்டம்: அனுமதியோடு அடைத்த சாலை, அல்லது தனியார் சாலை. வேறு வழி இல்லை.

தீர்ப்பு

சென்னைக்காரருக்கு என் தேர்வு டிராப்-த்ரூ: 38 முதல் 40 அங்குலம், விறைப்பான டெக், 180 மி.மீ. ட்ரக். தெரு செட்டாக 50 டிகிரி பேஸ்பிளேட், எடைக்கு ஏற்ற புஷ், 75 மி.மீ. 78ஏ வீல். ஒரு பையில் மலை செட்: 44 டிகிரி பேஸ்பிளேட், ஒரு படி கடினமான பீப்பாய் புஷ், 70 மி.மீ. வீல். மலை பழகப் பழக 50 டிகிரியை முன்னால் மட்டும் வைத்து, 44-ஐப் பின்னால் போடலாம்.

டாப்-மவுண்ட் நல்ல பலகை. மாதம் ஒருமுறையாவது மலையேறுகிறவருக்கு. மற்றவருக்குத் தொடை வலிக்கும் செலவு.

டெக்கில் கொஞ்சம் மிச்சம் பிடித்து ட்ரக்கிலும் புஷ்ஷிலும் போடுங்கள். கவசத்துக்கான பணத்தை முதலிலேயே தனியாக எடுத்து வையுங்கள்; அதற்கு மிச்சம் இல்லையென்றால் பலகையை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம்.