நிலாவும் ஜீனோவும்

மாமல்லபுரம் போகிறவர்கள் கடற்கரைக் கோயில் முன்னால் போட்டோ எடுத்து, சுண்டல் சாப்பிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அடுத்த தடவை கலங்கரை விளக்கத்தின் பக்கம் ஏறி மகிஷாசுரமர்த்தினி மண்டபத்தைப் பாருங்கள். எட்டுக் கைகளுடன் சிங்கத்தின் மேல் துர்க்கை முன்னால் பாய்கிறாள். எருமைத்தலை அசுரன் அவளைவிட ஆகிருதியானவன், ஆனால் பின்னால் சாய்கிறான். ஆசாமி கிளம்பத் தயார் என்பது அந்தச் சாய்விலேயே தெரிகிறது. யுத்தம் யார் கையில் என்பதை சிற்பி வசனமில்லாமல் சொல்லிவிட்டார், ஏழாம் நூற்றாண்டில்.

இப்போது 2021-க்கு வாருங்கள். சுஜாதா எண்பதுகளில் விகடனில் எழுதி, பிறகு தூர்தர்ஷனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா' நடக்கும் வருஷம். குழந்தை பெற அரசாங்க அனுமதி வேண்டும். நிலாவுக்குக் கிடைக்கிறது, கணவன் சிபி காணாமல் போகிறான். வயிற்றுக்கு பெர்மிட் என்பது அபாரமான கற்பனை. எமர்ஜென்சியில் கட்டாயக் கருத்தடையைப் பார்த்த தேசத்துக்கு உடனே உறைத்திருக்கும்.

ஆனால் நிலா என்ன செய்கிறாள்? திகைக்கிறாள், அழுகிறாள், கேள்வி கேட்கிறாள். திட்டம் போடுவது ரவி. புத்தகம் படித்து, யோசித்து, ஜோக்கடித்து, சமயத்தில் காப்பாற்றுவது ஜீனோ. அது ஒரு இயந்திர நாய்!

'மீண்டும் ஜீனோ'வில் நிலா ராணியாகிறாள். அதிகாரம் ரவி, மனோ கையில். பஞ்சாயத்துத் தலைவி நாற்காலியில் உட்கார, கணவர் ஃபைல் பார்ப்பதை நாம் அறிவோம். சுஜாதா தெரிந்தேதான் கிண்டல் செய்திருக்க வேண்டும். இருந்தும், அதைப் பார்த்து வளர்ந்தவர்களைக் கேளுங்கள். ஜீனோவை சட்டென்று சொல்வார்கள். நிலா பேசிய ஒரு வரி? யோசிப்பார்கள். பத்து வயதுப் பெண் டி.வி. முன் உட்கார்ந்து, எதிர்காலத்தில் தனக்கு என்ன வேலை என்று இப்படித்தான் கற்றுக்கொள்கிறாள்.

அமெரிக்காவும் இதில் யோக்கியமில்லை. 'ஸ்டார் ட்ரெக்'கின் முதல் முன்னோட்டப் படத்தில் கப்பலின் இரண்டாவது அதிகாரி ஒரு பெண். 1966-ல் தொடர் ஒளிபரப்பானபோது அம்மணியைக் காணோம். பெண் காப்டனை நடுவில் வைத்து 'வாயேஜர்' வர 1995 ஆயிற்று.

நிஜம் இதற்குள் கதையைத் தாண்டிவிட்டது. ரிசாட்-1-க்கு (2012) வளர்மதி, சந்திரயான்-2-க்கு (2019) வனிதா, ஆதித்யா-எல்1-க்கு (2023) நிகர் ஷாஜி. மூவரும் திட்ட இயக்குநர்கள், மூவரும் தமிழ்நாட்டுப் பெண்கள். யாரும் நாயைக் கேட்டு ராக்கெட் விடவில்லை.

அடுத்து ஏதாவது விஞ்ஞானத் தொடர் பார்க்கும்போது ஒரு காகிதத்தை இரண்டாக மடியுங்கள். "ஐயோ, இது என்ன?" என்று கேட்கிறவர்கள் இடப்பக்கம்; விளக்கம் சொல்கிறவர்கள் வலப்பக்கம். இடப்பக்கம் பூராவும் பெண்களாக இருந்தால், அந்தத் தொடரில் ராக்கெட் மட்டும்தான் எதிர்காலத்தைச் சேர்ந்தது.