நற்செய்திவாதமும் நவீன கலையும்: பிரான்சிஸ் ஷேபரின் பண்பாட்டு விமர்சனம் பற்றிய ஒரு நோக்கு

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்க நற்செய்திவாதக் கிறிஸ்தவர்களுட் பலர் நவீன கலையிலிருந்தும் மெய்யியலிலிருந்தும் விலகி நிற்பதையே பக்தியின் இலக்கணமாகக் கொண்டிருந்தனர். இவ்விலகலை முறித்தவர்களுள் முக்கியமானவர் பிரான்சிஸ் ஷேபர் (1912–1984). 1955இல் இவரும் மனைவி ஈடித்தும் சுவிற்சர்லாந்தின் உவெமோ என்னும் மலைக்கிராமத்தில் 'லாப்ரி' (புகலிடம்) என்ற இல்லத்தைத் தொடங்கினர். அங்கு வந்த இளைஞருடன் சார்த்தர், காமு ஆகியோரின் எழுத்துக்களும் பேர்க்மனின் திரைப்படங்களும் விவாதிக்கப்பட்டன. அவ்விவாதங்களின் தடம் 1968இல் வெளிவந்த 'பகுத்தறிவிலிருந்து தப்புதல்' முதலிய நூல்களிலும், 1976இல் வெளிவந்து திரைத்தொடராகவும் அமைந்த 'அவ்வாறாயின் நாம் எங்ஙனம் வாழ்வது?' என்ற நூலிலும் பதிந்துள்ளது.

ஷேபரின் அடிப்படைக் கருத்து எளிமையானது. மனிதர் தாம் ஏற்றுக்கொண்ட முற்கோள்களின்படியே வாழ்கின்றனர். அம்முற்கோள்களே பண்பாட்டை உருவாக்குகின்றன. இயற்கையையும் அருளையும் அக்குவைனாசு பிரித்தமை மனித அறிவுக்குத் தன்னாட்சி வழங்கிற்று. மறுமலர்ச்சி அதனை வளர்த்தது. ஹெகல், கியர்க்ககோட் ஆகியோருக்குப் பின் அறிவு அவநம்பிக்கையில் முடிந்தது. அவ்வவநம்பிக்கை மெய்யியலிலிருந்து ஓவியத்துக்கும், இசைக்கும், பொதுப் பண்பாட்டுக்கும், ஈற்றில் இறையியலுக்கும் படிப்படியாக இறங்கியது என்பது அவர் கூற்று.

இது தெளிவான கருத்துமுதல்வாத வரலாற்று நோக்காகும். சந்தை, நகரம், உற்பத்தி உறவுகள் ஆகியன இவ்வரலாற்றில் எதனையும் தீர்மானிப்பனவல்ல. ஆயினும், கைத்தொழிற் புரட்சிக் காலத்திற் செல்வம் இரக்கமின்றிப் பயன்படுத்தப்பட்டமையையும், அடிமைமுறை பற்றித் திருச்சபை மௌனம் சாதித்தமையையும் ஷேபர் மறைக்கவில்லை. அவரது நேர்மைக்கு இது சான்று. அவரது கோட்பாட்டின் இடர்ப்பாடும் இங்கேயே வெளிப்படுகின்றது. முற்கோள்களே வாழ்வைத் தீர்மானிப்பின், ஒரே வேதத்தை ஒரே நம்பிக்கையுடன் வாசித்த அமெரிக்கப் பப்ரிஸ்தர்கள் 1845இல் அடிமை உடைமை பற்றிய வினாவில் வடக்கு, தெற்கு எனப் பிரிந்தது எவ்வாறு? விடையை வேதத்திலன்றித் தெற்கின் பருத்தித் தோட்டங்களிலேயே தேடவேண்டியுள்ளது.

கலை பற்றிய அவரது வாசிப்பில் யோன் கேஜ் பற்றிய பகுதி சிறப்பாக நோக்கற்பாலது. தற்செயல் முறையில் இசையமைத்த கேஜ், காளான் சேகரிப்பதிலும் வல்லவர். காளானைத் தற்செயலாகத் தெரிந்து உண்டால் உயிர் பிழைக்க இயலாது. ஆகவே கேஜின் கோட்பாட்டை அவரது வாழ்வே மறுக்கின்றது என்பது ஷேபரின் வாதம். கூர்மையான வாதமே. ஆனால், அது ஒரு கலைமுறையைப் பிரபஞ்சக் கோட்பாடாக மாற்றிய பின்னரே வெற்றி பெறுகின்றது. 1940களில் இந்திய இசைக்கலைஞர் கீதா சாராபாயிடமிருந்து, இசையின் நோக்கம் மனத்தை அமைதிப்படுத்துவது என்ற கருத்தைக் கேஜ் பெற்றார். பின்னர் சென் பௌத்தத்தையும் பயின்றார். தற்செயல் முறை அவருக்குத் தம் விருப்பு வெறுப்புக்களை அடக்கும் ஒழுக்கமாயிருந்தது. அதற்குக் கடுமையான விதிகளும் இருந்தன. அவநம்பிக்கையின் குரலென ஷேபர் கேட்டது, உண்மையில் வேறொரு சமய மரபின் துறவுக் குரலாகும். பொலொக்கின் ஓவியங்களையும் அவர் தற்செயலின் விளைவென்றே கொண்டார். பொலொக்கோ தமது ஓவியத்தில் விபத்து எதுவுமில்லை என வெளிப்படையாகவே கூறியவர்.

1974இல் லோசான் நகரில் உலக நற்செய்திவாத மாநாடு கூடியபோது ஷேபரும் அங்கு உரையாற்றினார். ஆயின் அம்மாநாட்டில் லத்தீன் அமெரிக்கரான ரெனே பதியா, சாமுவேல் எஸ்கோபார் ஆகியோர் எழுப்பிய வினா வேறு. நற்செய்தி என்ற பெயரில் அமெரிக்க வாழ்க்கைமுறையே ஏற்றுமதியாகின்றது என்பது பதியாவின் குற்றச்சாட்டு. மாநாட்டின் உடன்படிக்கை சமூகப் பொறுப்பைப் புறக்கணித்தமைக்கு வருத்தம் தெரிவித்தது. மேற்கின் பண்பாட்டை விமர்சிக்கும் ஷேபர் அதற்குள்ளிருந்தே பேசினார். பதியா அதன் விளைவை அனுபவித்தோர் பக்கத்திலிருந்து பேசினார். இவ்விரு குரல்களும் ஒரே சமயப் பிரிவினவாதலின், நற்செய்திவாதத்தை முழுவதும் பிற்போக்கு என ஒதுக்குவது பொருந்தாது.

ஷேபரின் இறுதிக்காலம் அரசியல் சார்ந்தது. கருக்கலைப்பை உரிமையாக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றின் 1973ஆம் ஆண்டுத் தீர்ப்பு அவரை வலதுசாரி அணிக்கு நெருக்கமாக்கிற்று. 1981இல் வெளிவந்த 'கிறிஸ்தவப் பிரகடனம்' அவ்வணியின் கைந்நூலாயிற்று. 2022இல் அத்தீர்ப்பு நீக்கப்பட்டமையின் பின்னணியில் அவர் தொடக்கிவைத்த அணிதிரட்டலுக்கும் பங்குண்டு. கேட்பதற்குத் திறந்திருந்த இல்லம் தீர்ப்பு வழங்கும் மேடையானமை துயரமானது.

ஆயினும் இக்குறையை அவருக்கே உரியதெனக் கொள்ளல் தகாது. நவீனத்துவ உத்திகளை முதலாளித்துவ வீழ்ச்சியின் அடையாளங்களாக லூக்காக்ஸ் கண்டார். உத்தியை அவ்வாறு முன்கூட்டியே தண்டிக்கலாகாதெனப் பிறெக்ற் 1930களின் இறுதியில் மறுத்தெழுதினார். எமது முற்போக்கு விமர்சனமும் பல வேளைகளிற் படைப்பை நோயின் அறிகுறியாக மட்டுமே வாசித்துள்ளது. கலை உலக நோக்கோடு பிணைந்தது என்பதில் ஷேபருடன் எமக்குப் பிணக்கில்லை. ஆனால் படைப்பு என்ன செய்கின்றது என்பதை முதலிற் கேட்டறியாமல் அதன் உலக நோக்கைத் தீர்மானிக்கும் விமர்சனம், வேதத்தின் பெயரால் எழுந்தாலும் வர்க்கத்தின் பெயரால் எழுந்தாலும், தன் முடிவையே படைப்பிலிருந்து மீளப் பெற்றுக்கொள்கின்றது.